வாரண்டி முடிந்த பதினோராம் நாள், எளாவூருக்கு முன்னால்

போன நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் என் கணவர் குணாவும் திருவள்ளூர் மணவாள நகரிலிருந்து சூலூர்ப்பேட்டைப் பக்கம் பூநாரை பார்க்கக் கிளம்பினோம். பழவேற்காடு ஏரியின் ஆந்திரக் கரையில் பூநாரைகள் கூட்டம் கூட்டமாக நிற்கும் என்று பல பேர் எழுதிவிட்டார்கள். நான் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதப் போவதில்லை. காரணம், நாங்கள் அங்கே போய்ச் சேரவே இல்லை. தமிழ்நாட்டு எல்லையைக்கூடத் தாண்டவில்லை.

உண்மையைச் சொன்னால் பூநாரை ஒரு சாக்கு. மறுநாள் திங்கட்கிழமை கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நான் வேலைக்குச் சேர வேண்டும். வாகன உதிரிபாகம் செய்யும் கம்பெனி, தரப் பரிசோதனைப் பிரிவு. முன்பு நான் வேலை பார்த்த கம்பெனி ஓசூருக்கு இடம் மாறியபோது வீட்டில் உட்கார்ந்தவள். ஆறு வருடம் ஓடிவிட்டது. இடையில் எத்தனையோ இன்டர்வியூ. எல்லா இடத்திலும் "இவ்ளோ கேப் இருக்கே மேடம்" என்ற ஒரே பல்லவி. இந்த மேனேஜர் மட்டும் இடைவெளியைப் பற்றிக் கேட்கவில்லை. "கம்பெனி பஸ் திருவள்ளூர் பக்கம் கிடையாது. எட்டரைக்கு உள்ள இருக்கணும். எப்படி வருவீங்க?" என்று கேட்டார். "சொந்தக் கார் இருக்கு சார், நானே ஓட்டுவேன்" என்றேன். அந்த ஒரு பதிலில்தான் வேலை கிடைத்தது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

ஆக, இது வெள்ளோட்டம். வீட்டிலிருந்து சிப்காட் வரை எத்தனை கிலோமீட்டர், எத்தனை நிமிடம், எங்கே பள்ளம், எங்கே டிராபிக் என்று பார்த்துவிட்டு, அப்படியே மேலே போய் பறவையையும் பார்த்துவிட்டு வரலாம் என்று திட்டம். குணாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டச் சொல்லித்தருவதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

காலை 6:10க்குக் கிளம்பினோம். முதல் நாள் பெய்த மழையில் சாலையோரம் எல்லாம் தண்ணீர். வெங்கல் வழியாகப் பெரியபாளையம் 24 கிலோமீட்டர், 6:50. பஜாரில் கோயிலுக்கு வந்தவர்களின் வேன்கள் இரண்டு பக்கமும் நின்றதால் ஆறு நிமிடம் போச்சு. ஞாயிறு அந்தப் பக்கம் போகிறவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ஆரணி 7:01. அங்கிருந்து புதுவாயல் வரை இரண்டு பக்கமும் வயல், நடவு முடிந்து பச்சையாக இருந்தது, சாலையும் தேவலாம். 7:17க்குக் கொல்கத்தா நெடுஞ்சாலையில் ஏறினோம். சிப்காட் திருப்பம் 7:31. என் மீட்டரில் 48 கிலோமீட்டர், 81 நிமிடம். வழியில் சுங்கச்சாவடி கிடையாது. வேலை நாளில் டிராபிக் கூடினாலும் 6:40க்குக் கிளம்பினால் போதும் என்று கணக்குப் போட்டு, திருப்பத்தில் நின்று கம்பெனிப் பலகையை ஒரு போட்டோ எடுத்தேன். "நாளிக்கு இன்னேரம் நீ உள்ள இருப்ப" என்றார் குணா. எனக்கு வயிற்றில் ஒரு மாதிரி குளுகுளுவென்று இருந்தது.

அந்தக் குளிர்ச்சி வயிற்றோடு சரி. கவரைப்பேட்டை தாண்டியதிலிருந்தே ஏசியில் வெந்நீர் ஆவி போலக் காற்று வந்துகொண்டிருந்தது. "கேஸ் தீந்திருக்கும், ஜன்னல தொறந்துக்கோ" என்றார் குணா. தொறந்துகொண்டேன். இங்கே ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு உதவும். ஏசி திடீரென்று சூடாக ஊதினால் கேஸ் மட்டும் காரணம் என்று நினைக்காதீர்கள். இன்ஜின் சூடேறும்போது வண்டி தானாகவே ஏசியை அணைத்துவிடும். அது வண்டி கொடுக்கும் முதல் எச்சரிக்கை. இது அப்போது எனக்குத் தெரியாது.

இரண்டாவது எச்சரிக்கை தெரிந்தே கோட்டைவிட்டது. கும்மிடிப்பூண்டி தாண்டி எளாவூர் நோக்கிப் போகும்போது மீட்டர் பலகையில் சிவப்பு விளக்கு எரிந்தது. தண்ணீரில் மிதக்கும் தெர்மாமீட்டர் மாதிரி ஒரு படம். காலை ஸ்டார்ட் செய்யும்போது நீலத்தில் வருமே, அதே படம். "ஏங்க, ஓரம் கட்டட்டுமா?" என்றேன். இரண்டு பக்கமும் லாரி. "இங்க இன்னா இருக்குது? எதனா டீக்கடை வரும், அங்க நிறுத்திக்கலாம்" என்றார். நானும் சரி என்றேன். ரெண்டு கிலோமீட்டர். அந்த ரெண்டு கிலோமீட்டர்தான் இந்தக் கட்டுரை முழுக்க.

வண்டி மூன்று முறை குலுக்கியது. ஆக்சிலேட்டரை மிதித்தால் பதிலே இல்லை. அப்படியே உருட்டி சர்வீஸ் ரோட்டில் இறக்கும்போது இன்ஜின் அடங்கிவிட்டது. மணி 7:44. பானெட்டின் இடுக்கிலிருந்து ஆவி வந்தது. எளாவூர் சோதனைச்சாவடிக்கு வரிசை கட்டும் லாரிகள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. பத்தடி முன்னால், நாங்கள் தேடிவந்த அந்த டீக்கடை.

வண்டி வாங்கிய ஷோரூமின் கஸ்டமர் கேருக்கு போன் போட்டேன். ஒரு பெண் மிகவும் மரியாதையாகப் பேசினாள். நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சாரி மேடம், உங்க வாரண்டி பதினோரு நாளைக்கு முன்னாடி எக்ஸ்பயர் ஆயிடுச்சு. ரோட்சைடு ஹெல்ப்பும் அதோட க்ளோஸ்" என்றாள். இன்ஜின் போயிருந்தால் எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். "திறந்து பார்த்தாதான் தெரியும் மேடம். முழு இன்ஜின்னா ஒரு லட்சத்து முப்பதாயிரம், நாப்பதாயிரம்கூட வரலாம். டோயிங் நாளைக்குத்தான் அரேஞ்ச் பண்ண முடியும்." நாளைக்கு. எனக்கு நாளைக்கு 8:30க்கு வேலை.

வாரண்டி முடிவதற்கு முன் அதே ஷோரூமிலிருந்து நான்கு முறை கூப்பிட்டு, 9,800 ரூபாய் கட்டினால் இன்னும் இரண்டு வருடத்துக்கு நீட்டித்துத் தருகிறோம் என்றார்கள். குணா கட்டிவிடலாம் என்றார். நான்தான், "வண்டி கின்னுன்னு ஓடுது, எதுக்கு தண்டம்?" என்று மறுத்தவள். தரப் பரிசோதனைக்காரி இல்லையா, எனக்குத் தெரியாத தரமா! இப்போது குணா அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் பேசாமல் இருந்ததுதான் எனக்கு அதிகம் வலித்தது. திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டிவிட்டு ஆறியிருப்பேன். வேலை கிடைத்துவிட்டது என்று தெருவெல்லாம் சொல்லிவைத்தாயிற்று. சேருவதற்கு முதல் நாளே போய்விட்டது என்று நினைத்து, காருக்குள் உட்கார்ந்து நன்றாக அழுதேன்.

டீக்கடைக்கார மேரி அக்கா ஜன்னல் பக்கம் வந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும். "இன்னாமா, யாருக்காவது எதனா ஆயிடுச்சா?" என்றார். வண்டிக்குத்தான் என்றதும், "தூ, இவ்ளோதானா! நான் பயந்தே பூட்டேன். இறங்கி வா, நாஷ்டா துன்னு. எட்டரைக்கு நான் சர்ச்சுக்குப் போவணும், அதுக்குள்ள டில்லி பாபு வந்துருவான்" என்று சொல்லி, என் பதிலுக்குக் காத்திராமல் போன் போட்டார். நான்கு இட்லி, வடகறி, ஒரு டீ, தலைக்கு 50 ரூபாய். அழுதுகொண்டே சாப்பிட்டாலும் வடகறி நன்றாக இருந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும்.

டில்லி பாபு லாரி மெக்கானிக். நாற்பது வயது, கிரீஸ் படிந்த காக்கிச் சட்டை, காதில் செருகிய பென்சில். அவர் வந்ததும் குணா பானெட்டைத் திறக்கப் போனார்.

"அண்ணே, தொடாதீங்க! மூடியத் தொறந்தா மூஞ்சில அடிச்சிரும். ஒரு மணி நேரம் ஆறட்டும்."

"நீங்க லாரிதானே பாப்பீங்க? இது காராச்சே" என்றேன். ஒரு நாள்கூடப் பார்த்திராத ஆளிடம் என் கடைசி நம்பிக்கையைக் கொடுப்பதற்கு முன் கேட்டுவிட வேண்டும் அல்லவா.

"இன்ஜின் இன்ஜின்தாங்கா. இது குட்டி லாரி, அவ்ளோதான்" என்றார்.

மேரி அக்கா சர்ச்சுக்குப் போகும்போது கடையைப் பாதி மூடிவிட்டு, பெஞ்சை எங்களுக்காக வெளியே விட்டுப் போனார். 9 மணிக்கு டில்லி பாபு இன்ஜின் ஆயில் அளக்கும் கம்பியை உருவி, என் கண்முன் நீட்டினார். கறுப்பாக இருக்க வேண்டிய ஆயில் பால் டீ நிறத்தில் இருந்தது. "பாருக்கா, தண்ணி ஆயில்ல கலந்துகீது. மேல ஹெட்டு, கீழ பிளாக்கு, நடுவுல ஒரு தகடு கீது, கேஸ்கட்னுவாங்க. அது பூட்ச்சி. ஹெட்டு வளைஞ்சிகீதா இல்லியான்னு கழட்டிப் பாத்தாதான் தெரியும். பிளாக்கு நல்லா இருந்தா இன்ஜின் பொழைச்சிக்கும்."

அவருடைய லோடு ஆட்டோவில் கயிறு கட்டி ஒன்றரை கிலோமீட்டர் தள்ளியிருந்த அவர் ஷெட்டுக்கு வண்டியை இழுத்துப் போனோம். நான் ஸ்டீயரிங் பிடித்தேன். குணா பக்கத்தில் உட்கார்ந்து, "பிரேக்கு, பிரேக்கு" என்று வழக்கம்போல் ஓட்டினார்.

ஷெட்டில் டில்லி பாபு முதலில் தண்ணீர் எங்கே போனது என்று தேடினார். ரேடியேட்டரிலிருந்து வரும் ரப்பர் குழாயின் அடிப்பக்கத்தை விரலால் தடவி, டார்ச் அடித்துக் காட்டினார். வரிசையாகப் பல் தடம். "எலி" என்றார். மழைக்கு ஒதுங்க எலிகள் இன்ஜினுக்குள் ஏறுவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அவர் அத்தோடு விடவில்லை. "சும்மா வந்து கட்ச்சிட்டுப் போன எலி இல்லக்கா. குடும்பமே நடத்திகினு இருந்திருக்குது. துன்றதுக்கு எதனா இருந்தாதான் இப்படித் தங்கும்" என்று சொல்லிக்கொண்டே ஏர் ஃபில்டர் பெட்டியின் மூடியைக் கழற்றினார்.

உள்ளே பொரி. கூடவே பொட்டுக்கடலை, நாலைந்து வெல்லத் துணுக்கு, கடித்துக் குதறிய ஒரு மஞ்சள் துணி.

டில்லி பாபு பொரியைப் பார்த்தார். பிறகு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். "அண்ணே, இன்ஜினுக்கே படையல் போட்டீங்களா?"

குணா காக்களூரில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் ஆபரேட்டர். ஆயுத பூஜை என்றால் அவர்களுக்கு உயிர். மெஷினைத் துடைத்து, சந்தனம் வைத்து, பொரி பொட்டலத்தை மெஷின் மேலேயே ஒரு நாள் வைத்திருப்பார்கள். இந்த வருடம் எங்கள் காருக்கு வெளியே மாலை போட்டதோடு அவருக்கு மனசு ஆறவில்லை. "ஒழைக்கறது இன்ஜின்தான? வெளிய போட்டா அதுக்கு எப்படி சேரும்?" என்று பானெட்டைத் திறந்து, ஒரு பிடி பொரி கடலையை மஞ்சள் துணியில் முடிந்து பேட்டரிக்குப் பக்கத்தில் கட்டினார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். தடுக்கவில்லை. சொல்லப்போனால், என் வண்டிமேல் இவருக்கு எவ்வளவு பாசம் என்று உருகித்தான் போனேன். மறுநாள் எடுக்க வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. எலி அதைத் துணியோடு ஃபில்டர் பெட்டிக்குள் இழுத்துப் போயிருக்கிறது. ஐந்து வாரம் எலிக்குச் சீர் வைத்திருக்கிறோம்.

"கம்பெனில மெஷினுக்கு வெப்போம்பா..." என்று ஆரம்பித்தார் குணா.

"மெஷின் ஊட்டுக்குள்ள கீது அண்ணே. இது தெருவுல நிக்குது" என்றார் டில்லி பாபு.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலையிலிருந்து அழுத அத்தனையும் சேர்த்துச் சிரித்தேன். குணா முகம் தொங்கிப்போய், "நான்தான் உன் வேலைய கெடுத்துட்டேன் கல்பனா" என்றார். நான் 9,800 ரூபாயைச் சொன்னேன். அவர் பொரியைச் சொன்னார். சிவப்பு விளக்கோடு ரெண்டு கிலோமீட்டர் ஓட்டியது இரண்டு பேருக்கும் பொது. பிறகு ஷோரூமில் விசாரித்தபோது, எலி கடித்த சேதம் வாரண்டியில் வராது, நீட்டித்திருந்தாலும் வந்திருக்காது என்று சொல்லிவிட்டார்கள். பதினோரு நாள் என்று நான் நெஞ்சில் அடித்துக்கொண்டதெல்லாம் வீண்.

பன்னிரண்டு மணிக்குள் ஹெட்டைக் கழற்றிவிட்டார். பிளாக்கின் மேல் ஒரு எஃகு ஸ்கேலைக் குறுக்கே வைத்து, பின்னாலிருந்து செல்போன் வெளிச்சம் அடித்து, இடுக்கில் வெளிச்சம் வருகிறதா என்று என்னையே குனிந்து பார்க்கச் சொன்னார். வரவில்லை. பிளாக் நேராக இருக்கிறது. ஹெட்டில் வைத்துப் பார்த்தோம். நடுவில் ஒரு கீற்று தெரிந்தது. எனக்கு நன்கு பழகிய சோதனை இது. ஆறு வருடத்துக்குப் பிறகு ஒரு பொருளைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக் குறை சொல்லியிருக்கிறேன்! "நடுவுலதான், ஓரத்துல சரியா இருக்கு" என்றேன். "அக்காவுக்கு வேல தெரியுது" என்றார் டில்லி பாபு. அந்த வார்த்தையை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு இட்லி வடகறியைவிட அதுதான் தெம்பு கொடுத்தது.

ஹெட்டைக் கும்மிடிப்பூண்டி லேத் பட்டறையில் கொடுத்து, வளைவைச் சீவி நேராக்க வேண்டும். ஞாயிறு லேத் லீவு. "புதன் சாயந்திரம் வண்டி தரேன். டப்பு இப்ப வேணாம், பார்ட்ஸுக்கு மட்டும் நாலாயிரம் குடுங்க" என்றார்.

புதன்வரை கார் கிடையாது. குணா, "போன் பண்ணி வியாழக்கிழமை சேர்றேன்னு கேளு" என்றார். போனை எடுத்தேன். எண்ணைத் தேடினேன். வைத்துவிட்டேன். கார் இருக்கிறது என்று சொல்லி வேலை வாங்கியவள், முதல் நாளே கார் இல்லை என்று எப்படிச் சொல்வது? "ரயில்ல போய்ப் பாக்கலாம், எவ்ளோ நேரம் ஆவுதுன்னு" என்றேன். வீட்டுக்குத் திரும்புகிற வழியே இரண்டாவது வெள்ளோட்டமாக ஆனது.

ஷேர் ஆட்டோவில் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன். அங்கிருந்து 1:05 மின்சார ரயில், பேசின் பிரிட்ஜ் 2:20. அங்கே இறங்கி மேம்பாலம் ஏறி நடைமேடை மாறினால் திருவள்ளூர் ரயில், 2:41. வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கும் திருவள்ளூர் ஸ்டேஷனில் இறங்கியபோது 3:52. டிக்கெட் ஒருவருக்கு இருபத்தைந்து ரூபாய்கூட ஆகவில்லை. காரில் 81 நிமிடம், ரயிலில் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. சுற்று வழிதான், வடக்கே இருக்கும் ஊருக்குக் கிழக்கே சென்னைவரை போய்த் திரும்ப வேண்டும். ஆனால் போக முடியும்.

இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு, நான் பட்டதை வைத்துச் சில வார்த்தை. சிவப்பு விளக்கு எரிந்தால் டீக்கடை தேடாதீர்கள். லாரி ஹாரன் அடித்தாலும் பரவாயில்லை, ஓரம் கட்டி அணைத்துவிடுங்கள். மழைக்காலத்தில் வாரம் ஒரு முறை பானெட்டைத் திறந்து பாருங்கள். பூஜை முடிந்தால் பொரியை நீங்களே சாப்பிட்டுவிடுங்கள். வாரண்டியோடு சாலை உதவியும் போய்விட்டது என்று நானும் நம்பினேன். செவ்வாய்க்கிழமை இன்சூரன்ஸ் தாளை எடுத்துப் படித்தால், அதிலேயே இலவசமாக இழுத்துப்போகும் வசதி இருக்கிறது. உங்களுடையதையும் இன்றைக்கே எடுத்துப் படியுங்கள். டில்லி பாபுவின் மொத்தச் செலவு குழாய், கேஸ்கட், லேத், ஆயில், கூலி எல்லாம் சேர்த்து 14,850 ரூபாய். சொன்னபடி புதன் மாலை 6 மணிக்குச் சாவி கொடுத்தார். அதற்குப் பிறகு வண்டி மூவாயிரம் கிலோமீட்டர் ஓடிவிட்டது, ஒரு சொட்டுத் தண்ணீர் குறையவில்லை. எல்லா மெக்கானிக்கும் இப்படி என்று சொல்லமாட்டேன். ஆனால் கழற்றியதை உங்கள் கண்ணுக்கு நேராகக் காட்டுகிறவர் கிடைத்தால் விடாதீர்கள்.

திங்கட்கிழமையைச் சொல்லி முடிக்கிறேன். காலை 4:50 ரயில். கூட வருகிறேன் என்று நின்ற குணாவை வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஏறினேன். பேசின் பிரிட்ஜில் மாறி, கும்மிடிப்பூண்டி ரயிலின் பெண்கள் பெட்டியில் உட்கார்ந்தேன். கார் எங்கே என்று மேனேஜர் கேட்டால் என்ன சொல்வது என்று வழி முழுக்க ஒத்திகை. எலியைச் சொல்லலாமா, பொரியைச் சொன்னால் சிரிப்பாரா, இல்லை ரிப்பேர் என்று மட்டும் நிறுத்திக்கொள்வதா. பொன்னேரியில் தலை நிமிர்ந்து பார்க்கும்போதுதான் கவனித்தேன். பெட்டியில் பாதிப் பேர் கம்பெனி யூனிபார்மில் இருந்தார்கள். ஒருத்தி சோற்று டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு தூங்கினாள். இரண்டு பேர் தலை பின்னிக்கொண்டிருந்தார்கள். என் எதிரே இருந்தவளிடம் கம்பெனி பெயரைச் சொல்லி, எப்படிப் போவது என்று கேட்டேன். "நானும் அங்கதான் அக்கா, வாங்க. இருபது ரூபா ஆட்டோ" என்றாள். அவள் எங்கள் லைனிலேயே இருக்கும் திருநின்றவூரிலிருந்து நான்கு வருடமாக இப்படித்தான் ரயிலில் வருகிறாளாம்.

8:04க்கு வாசலில் நின்றேன். காவலர் ஒரு நோட்டை என் பக்கம் தள்ளினார். பெயர், நேரம், கையெழுத்து. மேனேஜர் வந்து, "வந்துட்டீங்களா, வாங்க" என்று சொல்லி உள்ளே கூட்டிப் போனார். எப்படி வந்தேன் என்று அன்றைக்கு முழுக்க யாரும் கேட்கவில்லை. கார் இல்லாவிட்டால் எனக்கு இந்த வேலை இல்லை என்று முடிவு கட்டியவள் நான் மட்டும்தான். மேஜை மேல் ஒரு தட்டில் பத்து உதிரிபாகங்களை வைத்து, இதில் எது தேறாது என்று மேனேஜர் கேட்டார். முதலில் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்த ஒன்றையே தனியாக எடுத்து வைத்தேன். அடுத்ததைக் கையில் எடுத்தேன்.